போதும் என்று யார் சொல்வது?

ஒரே ஒரு எழுத்து விழாமல் போனதால் ஒரு பாட்டியின் ரெண்டு ஏக்கர் நிலம் ஆடாக மாறிவிட்டது. அதைச் செய்தவன் நான். இந்தக் கட்டுரை அந்தக் குற்றத்தில் தொடங்கி ஒரு கீபோர்டு வாங்கியதில் முடிகிறது. நடுவில் ஒரு கேள்வி கிடக்கிறது. இல்லாதவன் நல்ல கருவிக்கு ஆசைப்படலாமா? அவனுக்கு இது போதும் என்று அளந்து சொல்ல யாருக்கு உரிமை உண்டு?

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 2022இல் விருதுநகர் மாவட்டத்துக் கிராமங்களில் நிலத்தைப் பறிகொடுத்த நம் சனங்களின் வாக்குமூலங்களை நண்பர்கள் சிலர் செல்போனில் பதிவு செய்து வந்தார்கள். எட்டுப் பேர் பேசியது. அதைக் கேட்டு, பேசினது பேசினபடி தட்டச்சு செய்து, பக்கம் கட்டிக் கொடுப்பது என் வேலை. என் தொழிலும் அதுதான். மதுரையில் ஒற்றை அறையில் உட்கார்ந்து பக்கத்துக்கு இருபது ரூபாய்க்கு அடித்துக் கொடுக்கிறவன். ஆய்வேடு, கோயில் நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, நம் ஆட்களின் சிறுபத்திரிகை எதுவானாலும் வரும். வாக்குமூலத்துக்குக் காசு வாங்கவில்லை. ராத்திரியில் அடித்தேன்.

நான் அடிப்பது தமிழ்99 முறை. 1999இல் சென்னை மாநாட்டையொட்டி வந்தது. அதில் 'க' எழுத்து ஆங்கில 'எச்' இருக்கிற இடத்தில் இருக்கிறது. வலது கை ஆள்காட்டி விரல் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்து அடிக்க வேண்டும். 'க' அடித்து 'ஆ' அடித்தால் 'கா' வரும். என் கீபோர்டில் அந்தப் பட்டன் ஓய்ந்துபோயிருந்தது. நாலு தடவை அடித்தால் ஒரு தடவை விழாது. அப்படி விழாமல் போனால் 'கூலி' என்பது 'ஊலி' ஆகும். 'கை' என்பது 'ஐ' ஆகும். இதெல்லாம் கண்ணில் குத்தும், திருத்திவிடலாம். ஆனால் 'காடு' என்று அடிக்கும்போது 'க' விழாவிட்டால் 'ஆடு' என்று வரும். அது நல்ல தமிழ்ச் சொல். யார் கண்ணிலும் குத்தாது.

அந்தப் பாட்டி சொன்னது, "எங்க காடு போச்சு, அதக் கேக்கப் போயித்தான் ஸ்டேஷன்ல அடி வாங்குனேன்" என்று. எங்கள் பக்கத்தில் காடு என்றால் வனம் இல்லை. மானாவாரி நிலம். சோளமும் கம்பும் போடுகிற செவக்காடு. புத்தகத்தில் வந்தது, "எங்க ஆடு போச்சு." பாட்டி ஆடும் வளர்த்தவர் என்று முன் பக்கத்திலேயே இருந்தது. அதனால் பிழை பார்த்த ரெண்டு பேருக்கும் சந்தேகம் வரவில்லை. ஐந்நூறு பிரதி அச்சாகிப் போய்ச் சேர்ந்தது.

பாட்டிக்கு எழுத்து தெரியாது. காலேஜில் படிக்கிற பேத்திதான் வாசித்துக் காட்டியிருக்கிறது. அந்தப் பிள்ளை எனக்குப் போன் போட்டது. "அண்ணே, எங்க பாட்டி ஒரு ஆட்டுக்காகவா ஸ்டேஷன் போனாங்க?" என்று கேட்டது. பிறகு போனைப் பாட்டி வாங்கினார். திட்டவில்லை. "ஆடு போனா இன்னொரு ஆடு வாங்கிக்கிருவேன் அய்யா. காடு போனா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

நம் நிலம் போனதெல்லாம் பெரும்பாலும் காகிதத்தில்தான் போனது. பஞ்சமர்களுக்கு என்று 1892இல் வெள்ளைக்காரன் அரசாணை போட்டு ஒதுக்கிய நிலத்தை மற்றவர்கள் வாங்கக் கூடாது என்று நிபந்தனை இருந்தது. நிபந்தனை காகிதத்தில் இருந்தது. நிலம் கைமாறியதும் காகிதத்தில்தான். கைநாட்டு வைக்கச் சொன்ன இடத்தில் என்ன எழுதியிருந்தது என்று வைத்தவர்களுக்குத் தெரியாது. இப்போது நம்மவர்களே நடத்திய புத்தகத்தில், நம்மவன் ஒருவன் அடித்த காகிதத்தில், பாட்டியின் காடு இன்னொரு தடவை போய்விட்டது. இதைச் சின்னப் பிழை என்று என்னால் தள்ள முடியவில்லை.

இங்கே ஒரு பழமொழியைப் பலரும் என் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்." நானும் எனக்குள் சொல்லிக்கொண்டேன். அடிக்கிறவனுக்குக் கவனம் வேண்டாமா, கீபோர்டு மேல் பழியைப் போடலாமா? நியாயம்தான். நான் ஒருதடவை ஒலியோடு ஒப்பிட்டுக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அந்தப் பழி என்னுடையது. ஆனால் அந்தப் பழமொழியைத் திருப்பித் திருப்பி யோசித்தபோது வேறொன்று பட்டது. அதைச் சொன்னவனுக்குக் கூடம் இருந்திருக்கிறது. கூடமே கோணலாகத்தான் கிடைக்கும் என்று விதிக்கப்பட்டவள், கோணல் கூடத்திலேயே ஆடிப் பழகியவள், ஒருநாள் தடுமாறி விழுந்தால் அவளையும் இதே பழமொழியால்தான் அடிப்பார்கள்.

அந்தக் கீபோர்டு எனக்கு வந்த கதையும் அப்படித்தான். ஓர் அலுவலகத்தில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துக்கட்டியபோது எங்கள் காலனி இரவுப் பாடசாலைக்குத் தானமாகக் கொடுத்தார்கள். போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பாதி ஓடவில்லை. ஓடாததைத் தூக்கிப் போடுகிற செலவும் நம் தலையில் விழுந்தது. மிஞ்சியதில் ஒரு கீபோர்டு என்னிடம் வந்தது. அதற்குமுன் முந்நூற்றைம்பது ரூபாயில் ஒன்று, நானூறில் ஒன்று வாங்கி ரெண்டும் ஓய்ந்துவிட்டன. பக்கக் கணக்கில் நாள் முழுக்க அடிக்கிறவன் கையில் அவை ஒன்றரை வருஷம் தாண்டாது. மலிவாக வாங்குவது இல்லாதவனுக்குக் கட்டுபடியாகாது. ஆனால் ஒரே தடவையில் கொடுக்க அவனிடம் இருக்காது. அதனால் அவன்தான் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டே இருக்கிறான்.

மலிவுக் கீபோர்டைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உள்ளே பட்டன்களுக்கு அடியில் ஒரு ரப்பர் விரிப்பு இருக்கும், கொப்புளம் கொப்புளமாக. அதற்கு அடியில் கோடுபோட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள். கொப்புளம் அமுங்கித் தாளைத் தொட்டால் எழுத்து விழும். ரப்பர் தளர்ந்துவிட்டால் எழுத்து விழுந்ததா இல்லையா என்று விரலுக்குத் தெரியாது. அதனால் ஓங்கி ஓங்கிக் குத்துவோம். ராத்திரி கை முட்டி வரைக்கும் கடுகடுக்கும். ஒரு பட்டனுக்கு வியாதி வந்தாலும் முழுசையும் தூக்கிப் போட வேண்டும்.

மெக்கானிக்கல் கீபோர்டு வேறு மாதிரி. ஒவ்வொரு பட்டனுக்கும் தனித்தனி சுவிட்ச், தனித்தனி ஸ்பிரிங். சுமார் ரெண்டு மில்லிமீட்டர் இறங்கியதுமே எழுத்து விழுந்துவிடும். அடி வரைக்கும் குத்த வேண்டியதில்லை. நீல சுவிட்ச் என்று சொல்கிற வகையில் எழுத்து விழுகிற இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். கண் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் காது சாட்சி சொல்லும். ஒரு பட்டன் செத்தால் அந்த ஒன்றை மட்டும் ஈயம் உருக்கி எடுத்துவிட்டு வேறு வைக்கலாம். ஐந்து கோடி அடி தாங்கும் என்று கம்பெனிக்காரர்கள் கணக்குச் சொல்கிறார்கள். ரயில்வே முன்பதிவுக் கவுண்டரில், பேங்கில், பழைய டிடிபி கடையில் படபடவென்று ஒரு சத்தம் கேட்டிருப்பீர்களே, அதுதான். நம் பக்கத்தில் பெரும்பாலும் அது டிவிஎஸ் கோல்டு. பழைய கோல்டுக்குள் இருந்தது ஜெர்மனிக்காரர்களின் செர்ரி சுவிட்ச்.

அந்தச் சத்தம் எனக்கு முதலில் பழக்கமானது டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில். 1994இல் பத்தாவது முடித்துவிட்டு லோயர் படிக்கப் போனேன். டைப்பிங் தெரிந்தால் சர்க்கார் வேலை என்று காலனியில் எல்லார் வீட்டிலும் ஒரு நம்பிக்கை இருந்தது. அந்த இன்ஸ்டிட்யூட்டில் பத்துப் பன்னிரண்டு மெஷின்கள். ஜன்னலோரத்தில் நல்ல ரெமிங்டன்கள். மூலையில் ரெண்டு பழசு. ஒன்றில் ரோலர் வழுக்கும், மற்றதில் பட்டன்கள் ஒன்றோடொன்று சிக்கும். காலனியிலிருந்து வந்த மூன்று பேருக்கும் எப்போதும் மூலை மெஷின்தான். ஒருநாள் ஜன்னலோரம் காலியாக இருந்தபோது கேட்டேன். "பழகுறதுக்கு இது போதும்பா" என்றார் வாத்தியார். அதட்டிச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார். ஃபீஸ் எல்லாருக்கும் ஒன்றுதான். பரீட்சையில் ஸ்பீடு பேப்பரில் முதல் தடவை நான் தேறவில்லை. 'உங்களுக்கெல்லாம் விரல் வளையாது' என்று கூடப் படித்தவன் ஒருவன் விளக்கம் சொன்னான்.

இந்தப் 'போதும்' என்ற சொல்லுக்கு வரலாறு இருக்கிறது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதிக்காரர்கள் நம் சனங்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். 1931 சென்சஸின் தலைமை அதிகாரியாக இருந்த ஹட்டன் இதை எழுதி வைத்திருக்கிறார். தங்கம் வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. சட்டை பனியன் கூடாது. குடை கூடாது. செருப்பு கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. இதில் அந்தக் கடைசித் தடையைப் பாருங்கள். சோறு பொங்கக் கூடாது என்று சொல்லவில்லை. பொங்கிக்கொள், ஆனால் மண்சட்டியில் பொங்கு. உடையுமா, உடையட்டும். திரும்பவும் வாங்கு. உழைக்காமல் இருக்கச் சொல்லவில்லை. உழைக்கிற கையில் நல்ல பொருள் இருக்கக் கூடாது என்பதுதான் சட்டம். மீறினவர்களின் குடிசை எரிந்தது. இன்றைக்குக் குடிசையை எரிக்காமல் அன்பாகவே சொல்ல முடிகிறது: "பழகுறதுக்கு இது போதும்பா."

சரி, அது வெளியிலிருந்து வருவது. உள்ளிருந்தும் ஒரு குரல் வந்தது. மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கலாம் என்று இருக்கிறேன் என்று இயக்கத்துத் தோழர் ஒருவரிடம் சொன்னேன். "தோழர், இதெல்லாம் கார்ப்பரேட்காரன் காட்டுற ஆசை. நம்ம தாத்தன் கரித்துண்ட எடுத்துச் சுவத்துல எழுதுனவன்" என்றார். அவரை நான் மதிக்கிறவன். அவர் சொன்னதில் பாதி உண்மையும் இருக்கிறது. விதவிதமாக விளக்கு எரிகிற கீபோர்டு, ஒன்று வாங்கியவனுக்கு இன்னொன்று, சத்தம் பிடிக்கவில்லை என்று மூன்றாவது என்று அலமாரி நிறைய அடுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தாத்தன் கரித்துண்டில் எழுதியது கரி உசத்தி என்பதற்காக இல்லை. காகிதம் கொடுக்கவில்லை, எழுதினான். நமக்கு மறுக்கப்பட்டதையே நம் பெருமையாக எடுத்துக் கட்டிக்கொண்டால் மறுத்தவனுக்கு வேலை மிச்சம்.

அண்ணல் அம்பேத்கர் கோட்டும் சூட்டும் போட்டதைக் கேலி பேசியவர்கள் இருந்தார்கள். பம்பாய் தாதரில் புத்தகங்களுக்கு இடம் வேண்டும் என்பதற்காகவே ராஜகிருகம் கட்டிக்கொண்டவர் அவர். கடைசி ஆண்டுகளில் அவருடைய 'புத்தரும் அவர் தம்மமும்' நூலைத் தட்டச்சு செய்தவர் நானக் சந்த் ராட்டு, பஞ்சாபிலிருந்து வந்த தலித். 1956 டிசம்பர் 6இல் அண்ணல் மறைந்தார். 1957இல் நூல் வெளிவந்தது. ராட்டுவின் விரலுக்கு அடியில் இருந்த மெஷினில் எழுத்து விழாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ராத்திரிகளில் யோசிப்பேன். எழுதுகிறவரைப் பற்றிப் பேசுகிற நாம் அடிக்கிறவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. அடிக்கிறவன் கையில் என்ன இருக்கிறது என்பது அதைவிடக் கீழான பேச்சாகிவிடுகிறது.

மூன்றாவது குரல் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அதுதான் கஷ்டமானது. புதுக் கோல்டு மூவாயிரத்தை ஒட்டி வந்தது. நூற்றைம்பது பக்கம் அடித்தால் வருகிற காசு. மகளுக்கு டியூஷன் ஃபீஸ் நின்றிருந்தது. வீட்டில் கணக்கு நோட்டை எடுத்து வைத்து, "நீங்களே சொல்லுங்க, எதக் கொறைக்கலாம்?" என்றாள் என் மனைவி. இதற்கு ஹட்டனும் அம்பேத்கரும் பதில் சொல்ல மாட்டார்கள். ஆதிக்கக்காரன் 'இது போதும்' என்று சொன்னால் எதிர்க்கலாம். சோற்றுப்பானை 'இவ்வளவுதான்' என்று சொன்னால் யாரை எதிர்ப்பது?

அப்போதுதான் அம்மாவின் அருவா ஞாபகம் வந்தது. அம்மா கதிரறுப்புக்குப் போகிறவள். கூலியைக் கட்டுக் கணக்கில் நெல்லாக அளப்பார்கள். பன்னருவா அவரவருடையது. கொல்லுப்பட்டறையில் சம்சாரிகளின் கலப்பைக் கொழுவுக்குத்தான் முதல் இடம். நம் அருவா மூலையில் கிடக்கும். அம்மா விட மாட்டாள். அறுப்புக்குப் பத்து நாள் முன்பே போய், வெயிலில் உட்கார்ந்து, புதுசாகக் கருக்கு வெட்டி வாங்கித்தான் வருவாள். அதற்காகக் கடன் வாங்கியும் பார்த்திருக்கிறேன். பட்டறையில் வைத்தே பெருவிரலால் கருக்கைத் தடவிப் பார்ப்பாள். பிடி கைக்குள் அடங்குகிறதா என்று வீசிப் பார்ப்பாள். திருப்தி இல்லையென்றால் ஆசாரி முகம் சுளித்தாலும் திரும்பவும் நீட்டுவாள். "அருவா மொன்னையா இருந்தா கதிர அறுக்காதுடா, கையத்தான் அறுக்கும்" என்பாள். தீபாவளிக்குச் சேலை எடுக்காத வருஷமும் உண்டு. அருவாவில் அவள் குறைத்ததில்லை.

அம்மாவுக்கு யாரும் சிக்கனம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. எதில் குறைக்கலாம், எதில் குறைத்தால் கை போகும் என்று அவளுக்குத் தெரியும். அந்த அறிவைத்தான் நான் சிக்கனம் என்கிறேன். மேலே இருக்கிறவன் 'உனக்கு இது போதும்' என்று சொல்வதன் பெயர் சிக்கனம் இல்லை. அது கட்டளை. வெளியிலிருந்து பார்த்தால் ரெண்டும் ஒன்றுபோலத் தெரியும். ரெண்டிலும் குறைவான பொருள்தான் இருக்கும். ஒன்றில் அளவைச் சொல்கிறது வேலை செய்கிற கை. மற்றதில் வேலை வாங்குகிற வாய். எனக்குக் கிடைத்த பதில் இதுதான்: போதுமா போதாதா என்பதைக் கருவியைப் பிடிக்கிற கைதான் சொல்ல வேண்டும். காசு எவ்வளவு என்பதை வறுமை தீர்மானிக்கட்டும். அந்தக் காசுக்குள் எது நல்லது என்று தேடிப் பிடிக்கிற உரிமையை யாரிடமும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

வீட்டில் பேசி ஆயிரத்து இருநூறு என்று முடிவானது. அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. ஒரு கூட்டத்துக்காகச் சென்னை போனபோது ரிச்சி தெருவுக்குப் போனேன். மவுண்ட் ரோட்டுக்குப் பக்கத்தில், எலக்ட்ரானிக் சாமான்களுக்கென்றே இருக்கிற தெரு. ஐந்து கடை ஏறி இறங்கினேன். விளக்கெரிகிற சீனத்து மெக்கானிக்கல் இரண்டாயிரத்தை ஒட்டி இருந்தது. முன்பெல்லாம் இந்த விலைக்கே வராது. செர்ரி சுவிட்சின் காப்புரிமை 2014 வாக்கில் தீர்ந்துபோக, கேட்ரான், கைல், ஔடெமு என்று சீனக் கம்பெனிகள் அதே மாதிரி செய்ய ஆரம்பித்த பிறகு விலை இறங்கியது. ஓர் அறிவை ஒருத்தன் மட்டும் வைத்துக்கொள்ள முடியாத நிலை வந்ததும் அது நம் தெருவுக்கு வருகிறது. நமக்கு இது புதிய பாடம் இல்லை.

ஆனாலும் இரண்டாயிரம் என்னிடம் இல்லை. ஆறாவது கடையில் ஒரு தம்பி, "டைப்பிங்கா, கேமிங்கா அண்ணே?" என்று கேட்டான். டைப்பிங் என்றேன். உள்ளே போய் ஒரு பழைய கோல்டை எடுத்து வந்து தூசி தட்டி வைத்தான். மூடிப்போன ஏதோ ஆபீஸில் மொத்தமாக எடுத்ததாம். ஆயிரத்து முந்நூறு சொன்னான்.

பழசு என்றதும் எனக்குக் கை பின்னால் போனது. பழைய சோறு, பழந்துணி, மூலை மெஷின், தானக் கம்ப்யூட்டர். இன்னொருத்தன் கழித்ததைத் தொட்டு வளர்ந்த உடம்பு இது. காசு கொடுத்தும் கழிச்சலா வாங்க வேண்டும்? கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு பட்டது, கொடுத்த பழசு வேறு, வாங்குகிற பழசு வேறு. தானமாக வந்ததைச் சோதித்துப் பார்க்க முடியாது. குறை சொன்னால் நன்றிகெட்டவன் ஆவோம். விலை கொடுக்கிற இடத்தில் ஓட்டிக் காட்டு என்று கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கி நடக்கலாம்.

கேட்டேன். கம்ப்யூட்டரில் சொருகச் சொல்லி ஒவ்வொரு பட்டனையும் இருபது தடவை அடித்துப் பார்த்தேன், அம்மா அருவாவைத் தடவின மாதிரி. 'எச்' பட்டனில் மட்டும் ஒரு தடவை ரெண்டு விழுந்தது. என் 'க'! "இது ஆகாது தம்பி" என்றேன். "அந்த ஒண்ண மாத்திக் குடுத்துர்றேன்ணே" என்று செத்துப்போன இன்னொரு கோல்டிலிருந்து சுவிட்சைக் கழற்றி ஈயம் வைத்துக் கொடுத்தான். திரும்பவும் இருபது தடவை அடித்தேன். இருபதும் விழுந்தது. ஆயிரத்து நூறுக்கு முடித்தேன்.

வீட்டுக்கு வந்து பட்டன்களைப் பிடுங்கிப் போட்டுக் கழுவினேன். உள்ளே தலைமுடி, பிஸ்கட் தூள், எத்தனையோ விரல்களின் அழுக்கு. அடுத்தவன் அழுக்கைச் சுத்தம் செய்வது நமக்கு விதிக்கப்பட்ட வேலையாயிற்றே என்று ஒரு நிமிஷம் கசந்தது. ஆனால் இது என் பொருள், என் கைக்காகச் செய்கிறேன் என்று நினைத்ததும் கசப்பு போய்விட்டது. நான் தூக்கிப் போட்ட ரப்பர் கீபோர்டுகள் எங்கே போயிருக்கும் என்றும் அன்றைக்குத்தான் யோசித்தேன். டெல்லி சீலம்பூர் மாதிரி இடங்களில் எலக்ட்ரானிக் குப்பையை வெறுங்கையால் பிரித்து வயிறு கழுவுகிறவர்களும் நம்மைப் போன்ற சனங்கள்தான். மூன்று கீபோர்டை ஓட்டைச் சாமானாக வாங்கித் தூக்கிப் போட்டதில் அவர்கள் கைக்கும் நான் கொஞ்சம் விஷம் அனுப்பியிருக்கிறேன். உழைக்கிற பொருளை வாங்கி வைத்துக்கொள்வது ஆடம்பரம் என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் போட வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருக்கிறது. வேலைக்கு வேண்டும், கை வலிக்காது, வாக்குமூலம் பிழையாகாது என்றெல்லாம் இதுவரைக்கும் எழுதியது உண்மை. ஆனால் அதெல்லாம் இல்லாவிட்டாலும் எனக்குப் பிடித்திருக்கும். ராத்திரி தெரு அடங்கிய பிறகு பத்து விரலும் ஓட, படபடவென்று வருகிற சத்தத்தில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. நம் சந்தோஷத்துக்கெல்லாம் பயன் என்ன, அவசியம் என்ன என்று ரசீது காட்டிக்கொண்டே இருக்க வேண்டுமா? குடை பிடித்தவனிடம் 'மழையா பெய்யுது?' என்று கேட்ட ஊர் இது. வெயிலுக்கும் பிடிக்கலாம். சும்மாவும் பிடிக்கலாம்.

புதுக் கீபோர்டில் முதலில் அடித்தது பிழை திருத்தத் துண்டுச் சீட்டு. ஒலியை முதலிலிருந்து போட்டுக் கேட்டு ஒவ்வொரு சொல்லாக ஒப்பிட்டேன். இன்னும் நாலு பிழை அகப்பட்டது. ஐந்தையும் போட்டு, கையில் மிஞ்சியிருந்த பிரதிகளில் ஒட்டினோம். போய்ச் சேர்ந்துவிட்டவற்றை ஒன்றும் செய்ய முடியவில்லை. அவற்றில் இன்னும் ஆடுதான் மேய்கிறது.

சீட்டு ஒட்டிய பிரதியை எடுத்துக்கொண்டு பாட்டியைப் பார்க்கப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து முழு வாக்குமூலத்தையும் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"காடுன்னு வருதா இப்ப?"

"வருது பாட்டி."

"எழுதுனா திரும்பிக் கெடைக்குமா அய்யா?"

"அது தெரியல பாட்டி. ஆனா போனது காடுதான்னு இருக்கும்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, நான் எதில் அடிக்கிறேன், அது என்ன விலை என்று விசாரித்தார். சொன்னேன். "பழசா?" என்றார். ஆமாம், ஆனால் பார்த்து வாங்கினது என்றேன்.

"நல்ல சாமானா?"

"நல்ல சாமான் பாட்டி."

"அப்பச் சரி" என்றார்.